கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து அனுப்புவது பற்றி, ஆசிரியர்களும் படிப்பது பற்றி

பென்னாகரம் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது, அது முடிந்தால் ஜூன் வரைக்கும் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு ஜூனிலும் ஒரே கதைதான். ஏப்ரலில் ஒரு பத்தியைத் தடுமாறியாவது வாசித்து முடித்த பிள்ளை, திரும்பி வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு நிற்கிறது. நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை, இப்போதுதான் வாசிப்பு கைகூடி வருகிற பிள்ளைக்குத்தான் இந்த ஒன்றரை மாதம் அடி.

புத்தகம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு பீரோ நிறைய இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் எளிதிலிருந்து கடினம் வரை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக இருக்கின்றன, துறை அனுப்புகிற ஊஞ்சல், தேன்சிட்டு சிறார் இதழ்கள் கட்டுக் கட்டாகச் சேர்ந்திருக்கின்றன. இதையெல்லாம் விடுமுறை முழுக்கப் பூட்டி வைப்பதற்குப் பதில் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பலாம் என்று நினைக்கிறேன்.

கொடுக்கும்போது என்ன வேலை சொல்லி அனுப்புவது என்பதுதான் முதல் கேள்வி. "படித்துவிட்டு ஒரு பக்கம் எழுதி வா" என்றால் பின்னட்டையில் இருப்பதை அப்படியே எழுதிக் கொண்டுவருவார்கள். இன்னொன்று, எங்களுக்கும் வாசிப்பு வேலை இருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஒரு பிள்ளை தனக்கு ஒரு புத்தகம் எடுக்கும்போது டீச்சருக்கும் ஒன்று எடுத்துக் கொடுக்கட்டும், நான் அதைப் படித்து ஜூனில் அந்தப் பிள்ளையிடம் சொல்கிறேன். ஆசிரியர் அறையில் சொன்னபோது பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் "விடுமுறையிலுமா" என்றார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓசூர் அப்பா

டீச்சர், நல்ல எண்ணம். ஆனால் தயவுசெய்து இதை "வேலை" ஆக்கிவிடாதீர்கள். என் இரண்டு பிள்ளைகளும் தனியார் பள்ளி, சிபிஎஸ்இ. விடுமுறை விடுகிற அன்றே வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்து விழும். பாடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட், அது தவிர ஆங்கிலத்தில் இரண்டு நாவல், ஒவ்வொன்றுக்கும் கதைச்சுருக்கம், பாத்திரங்கள், பிடித்த பகுதி, படித்ததில் கற்றது, அட்டைப்படம் வரைய வேண்டும். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் வந்து பாருங்கள், பிரிண்ட் எடுக்க அப்பாக்களும் அம்மாக்களும்தான் வரிசையில் நிற்கிறோம். பிள்ளை நாவலைப் பிரித்தே பார்த்திருக்காது, இணையத்தில் கிடைத்த சுருக்கத்தை நாலு பக்கம் அழகாக எழுதியிருக்கும். அதற்கு நட்சத்திரமும் கிடைக்கும்.

ஒன்றாவது, இரண்டாவது படிக்கிற குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொன்னது. அதற்கு மேல் வகுப்புகளுக்கு விடுமுறையில் இவ்வளவு எழுத்து வேலை எதற்கு என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன், "மற்ற பெற்றோர் கேட்கிறார்கள்" என்றார்கள். அதுவும் உண்மைதான், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் பள்ளியில் புதிதாக ஆரம்பிக்கும்போதே எழுத்து இல்லாமல் ஆரம்பியுங்கள் என்கிறேன்.

ஊத்தங்கரை தமிழாசிரியர்

ஓசூர் சார் சொல்வது தனியார் பள்ளியோடு நிற்கவில்லை. பத்தாம் வகுப்புத் தமிழில் நூல் மதிப்புரை எழுதச் சொல்லி ஒரு கேள்வி உண்டு. நூலகத்தில் படித்த ஒரு நூலுக்கு ஆண்டுவிழா மலருக்காக மதிப்புரை எழுத வேண்டும். தலைப்பு, மையப் பொருள், மொழிநடை, வெளிப்படுத்தும் கருத்து, நயம், கட்டமைப்பு, சிறப்புக் கூறு, ஆசிரியர் என்று குறிப்பும் கொடுத்துவிடுவார்கள். கேட்டவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் கேட்டிருக்கிறார்கள். நடப்பது என்ன? கைடில் ஒரு மதிப்புரை இருக்கிறது, வகுப்பு முழுக்க அதே நூலைப் "படித்திருக்கிறது". விடைத்தாள் திருத்தும்போது அடுத்தடுத்த தாளில் அதே நூல், அதே மொழிநடை, அதே நயம். அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது அந்த நூலைக் கையில் தொட்டிருப்பார்களா என்று எனக்கு ஆத்திரமே வரும். பிள்ளைகள் மேல் கோபம் இல்லை. ஒன்பது வருடம் பாடப்புத்தகம் தவிர எதையும் கையில் கொடுக்காமல் வைத்திருந்து, பத்தாவது வருடம் மதிப்புரை எழுது என்றால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

ஆறாம் வகுப்பிலேயே ஒரு கோடைக்கு நாலு கதை தானாக எடுத்துப் படித்த பிள்ளைக்கு அந்தக் கேள்விக்குக் கைடு தேவைப்படாது. அதனால் கொடுங்கள், நிறையக் கொடுங்கள்.

கணக்கு வாத்தியார், தருமபுரி

நான் இதற்கு எதிராகத்தான் பேசப் போகிறேன், கோபப்படாதீர்கள்.

விடுமுறையில் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தீர்களா? பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிற அப்பா அம்மாவோடு தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். மீதிப் பேரில் கொஞ்சம் பேர் மாங்காய் பறிக்கப் போகிறார்கள், கொஞ்சம் பேர் ஆடு ஓட்டுகிறார்கள், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் அரசாங்கப் புத்தகத்தைக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, ஜூனில் "படித்தாயா, எங்கே புத்தகம்" என்று கேட்டால் படிக்காத பிள்ளையும் புத்தகத்தைத் தொலைத்த பிள்ளையும் முதல் நாளே பயந்துகொண்டு பள்ளிக்கு வராது. எங்கள் பக்கம் முதல் வாரம் வராத பிள்ளை அப்படியே நின்றுவிடுகிற ஆபத்து அதிகம். எட்டாவது, ஒன்பதாவது முடித்த பெண் பிள்ளைகளுக்குக் கோடையில்தான் கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள், இது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஜூனில் பிள்ளை திரும்பி வருகிறதா என்பதுதான் என் கவலை. அதற்குத் தடையாக ஒரு சின்னப் புத்தகம்கூட இருக்கக் கூடாது.

காவேரிப்பட்டணம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

கணக்கு வாத்தியார் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புத்தகம் தொலைந்துவிடும் என்கிற பயம் பிள்ளையைவிட நமக்குத்தான் அதிகம். நான் இருந்த காலத்தில் பல பள்ளிகளில் நூலகப் பீரோ சாவி தலைமையாசிரியர் மேசையைத் தாண்டாது. ஆய்வுக்கு வருகிறவர் இருப்புப் பதிவேட்டைக் கேட்பார், எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கவலை. புத்தகம் புதுசாகவே இருக்கும், கரையான் தவிர யாரும் படித்திருக்க மாட்டார்கள். புத்தகங்கள் பயன்படுவதற்கே என்பதைத்தான் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் தன் ஐந்து நூலக விதிகளில் முதல் விதியாக எழுதினார். நம் தமிழ்நாட்டுக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத்துக்கு வந்தவர்.

நடைமுறை சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் "கோடையில் நூல்களை மாணவர் வீட்டுக்கு வழங்குவது, கிழிந்தால் தொலைந்தால் மாணவரிடம் வசூல் கிடையாது" என்று ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். இருப்புப் பதிவேடு தனியாக இருக்கட்டும், வழங்கலுக்கு ஒரு சாதாரண நோட்டுப் போதும். தேய்ந்துபோன நூல்களைப் பட்டியல் எடுத்து அனுமதி வாங்கிக் கழிக்க வழி இருக்கிறது, அந்தக் கோப்பை யாரும் எழுதுவதில்லை என்பதுதான் விஷயம். பெற்றோரிடம் கையெழுத்து வேண்டவே வேண்டாம். கையெழுத்து என்றாலே கடன் பத்திரம் மாதிரி பயப்படுவார்கள்.

பாலக்கோடு, கல்லூரி இரண்டாம் ஆண்டு

அண்ணாக்களுக்கும் டீச்சருக்கும் வணக்கம். கணக்கு சார் சொன்ன பிள்ளைகளில் நானும் ஒருவன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கோடையின் ஆரம்பம் புளி வேலையில்தான் போகும். வியாபாரி மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார், ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. திண்ணையில் பாட்டி, அம்மா, பக்கத்து வீட்டு அத்தைகள் எல்லோரும் உட்காருவார்கள். ஏழாவது படிக்கும்போது எங்கள் தமிழ் மிஸ் விடுமுறைக்கு மூன்று கதைப் புத்தகம் கொடுத்து அனுப்பினார்கள், ஒன்றும் எழுத வேண்டாம் என்றார்கள். கொட்டை எடுத்து விரல் வலித்தால் நான் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன். "சும்மா உனக்குள்ளேயே படிக்காதே, எங்களுக்கும் படி" என்று ஓர் அத்தை சொன்னார், அன்றிலிருந்து சத்தமாக வாசிப்பதுதான் என் வேலை. எனக்குப் பதில் என் பங்குப் புளியை அவர்கள் பிரித்துக்கொண்டார்கள். புளிக் கையோடு புரட்டியதில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன, மெதுவாக ஊதி ஊதிப் பிரிக்க வேண்டும், அப்படியும் ஓர் இடத்தில் கிழிந்துவிட்டது. நான் தடுமாறினால் பாட்டி அவசரப்படுத்த மாட்டார், கதை பிடித்துப்போன அத்தைதான் "அப்புறம், அப்புறம்" என்று விரட்டுவார். அந்தக் கோடையில்தான் எனக்கு எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வந்தது.

ஜூனில் மிஸ் அந்த ஒட்டின பக்கத்தைப் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "யார் யார் கேட்டார்கள்" என்று மட்டும் கேட்டார்கள்.

வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் புத்தகம் வேண்டும் சார். அந்தப் பிள்ளைக்குத்தான் வேறு எதுவும் கிடைக்காது.

பர்கூர் அம்மா

தம்பி எழுதியதை என் மகளிடம் படித்துக் காட்டினேன். நான் அஞ்சாவதுதான். எனக்குப் படித்துக் காட்ட ஆள் இருந்தால் நானும் கேட்பேன், இது மட்டும் சொல்லத் தோன்றியது.

தளி ஆசிரியை

இங்கே எங்கள் கதை வேறு. நான் சேலம் பக்கம், வேலை கிடைத்தது தளி ஒன்றியத்தில். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கன்னடம், தெலுங்கு, சில வீடுகளில் உருது. தமிழ்ப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தால் அம்மாவால் உதவ முடியாது, பாட்டிக்குக் கேட்டாலும் புரியாது. ஆனால் ஒரு பிள்ளை தமிழில் படித்துவிட்டுப் பாட்டிக்குத் தெலுங்கில் கதை சொல்லும்போது அந்தப் பிள்ளை எவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள், எந்தத் தேர்விலும் அவ்வளவு கவனம் வராது. ஸ்டோரிவீவர் என்று பிரதம் புக்ஸ் நடத்துகிற தளம் 2015 முதல் இருக்கிறது, ஒரே படக்கதை தமிழ், கன்னடம், தெலுங்கு என்று பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கும். கைப்பேசி இருக்கிற வீட்டுக்கு அதையும், இல்லாத வீட்டுக்கு அச்செடுத்தும் கொடுக்கலாம்.

ஆசிரியருக்கான வாசிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் ஒரு விடுமுறைக்கு முன்னால் வகுப்பில் "எனக்கு என்ன படிக்கக் கொடுப்பீர்கள்" என்று கேட்டேன். ஒரு பெண் தன் வீட்டிலிருந்து தம்பியின் ஒன்றாம் வகுப்புக் கன்னடப் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதோடு நிற்கவில்லை, முதல் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே தமிழ் எழுத்தைப் பென்சிலால் எழுதியிருந்தாள், நான் திணறக் கூடாது என்று. அந்த விடுமுறையில் எழுத்துகளைப் படித்து முடித்தேன், சொற்கள் பாதிதான் வந்தன. ஜூனில் கரும்பலகை முன்னால் நின்று நான் கன்னடம் வாசித்தேன், வகுப்பே திருத்தியது. அதுவரை வாய் திறக்காத இரண்டு பையன்கள் அன்றுதான் எனக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் தமிழில் வாசிக்கச் சொன்னால் அவர்கள் தயங்கவில்லை, டீச்சரும் தடுமாறுவார்கள் என்று பார்த்துவிட்டார்கள் இல்லையா.

அதனால் ஆசிரியர் வாசிப்பு என்பதைப் பயிற்சிக் கட்டகத்தோடு முடித்துவிடாதீர்கள். ஆசிரியர்களுக்காகத் துறை நடத்தும் கனவு ஆசிரியர் இதழ் வருகிறது, அதில் நல்ல அனுபவக் கட்டுரைகள் இருக்கின்றன, படிக்கலாம். ஆனால் பிள்ளை தேர்ந்தெடுத்துக் கொடுத்ததைப் படிப்பது வேறு விஷயம்.

எம்.எட் மாணவி, கிருஷ்ணகிரி

இது பற்றி நடந்த ஆய்வுகளைப் படித்திருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் கோடை விடுமுறை நம்மைவிட நீளம், அங்கே ஏழைப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்குவது ரொம்ப நாளாகப் பேசப்படுகிறது. ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்ஸனும் ஃபுளோரிடாவில் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற 17 பள்ளிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2010-இல் வெளிவந்தது. ஒவ்வொரு கோடைக்கும் பிள்ளைக்கு 12 புத்தகம், மூன்று கோடை, பிள்ளைகளே புத்தகக் கண்காட்சி மாதிரி பரப்பி வைத்ததில் தேர்ந்தெடுத்தார்கள், திருப்பித் தர வேண்டியதில்லை. கோடை வகுப்பு நடத்தினால் என்ன பலன் கிடைக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவு பலன் இதிலேயே கிடைத்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிம் செய்த ஆய்வில் (2008) வெறுமனே புத்தகம் மட்டும் கொடுத்த பிள்ளைகளுக்குப் பெரிய முன்னேற்றம் இல்லை. விடுமுறைக்கு முன்னால் ஆசிரியர் உட்கார்ந்து எப்படிப் படிப்பது, வீட்டில் யாருக்காவது சத்தமாக வாசித்துக் காட்டுவது என்று பழக்கி அனுப்பிய பிள்ளைகளுக்குத்தான் முன்னேற்றம் தெரிந்தது. பாலக்கோடு தம்பியின் திண்ணையில் இது ரெண்டுமே நடந்திருக்கிறது. பிள்ளைக்குப் பிடித்த புத்தகமாகவும் இருக்க வேண்டும், கேட்க ஆளும் இருக்க வேண்டும். டீச்சர், கடைசி இரண்டு வாரம் வகுப்பிலேயே சத்தமாக வாசித்துப் பழக்கிவிட்டு அனுப்புங்கள்.

காரிமங்கலம் கூத்துப் பிரியர்

கேட்க ஆள் வேண்டும் என்றதும் எனக்கு எங்கள் ஊர்ப் பாரதம் ஞாபகம் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில் திருவிழா பெரும்பாலும் கோடையில்தான். பகலில் பாரதப் பிரசங்கி வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார், ராத்திரி அந்தக் கதையே தெருக்கூத்தாக நடக்கும், கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. பள்ளிக்கூடமே போகாத கிழவிகள் பிரசங்கி ஒரு பாட்டை விட்டுவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த ஊர்களுக்குக் கோடையில் உட்கார்ந்து நாள்கணக்கில் கதை கேட்கத் தெரியும். உங்கள் ஊரில் பாரதம் நடந்தால் பகல் பிரசங்கத்துக்கு முன்னால் அரைமணி நேரம் ஒரு பிள்ளை கோயில் திண்ணையில் தன் கதைப் புத்தகத்தை வாசிக்கட்டும். ஊர்ப் பெரியவர்களிடம் பேசினால் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அரூர் நூலகர்

பொது நூலகத்தை யாருமே சொல்லவில்லையே. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறீர்கள், வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம், அதற்கும் பின்னால் ரங்கநாதன்தான். உங்கள் காசில் வாங்கிய புத்தகங்கள் இங்கே இருக்கின்றன. கோடையில் பிள்ளைகள் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம், ஆனால் மதியம் நாலு மைல் வெயிலில் நடந்து எந்தப் பிள்ளையும் வராது. ஆசிரியர் உறுப்பினராகச் சேர்ந்து தன் பெயரில் எடுத்துக்கொண்டு போனால் கிராமத்துக்கு நாலு புத்தகம் போகும். உங்கள் ஊர்ப்புற நூலகரிடம் ஒருமுறை நேரில் பேசிப் பாருங்கள், விதிக்குள் முடிந்த வழியை அவர்களே சொல்வார்கள்.

கணக்கு வாத்தியார், தருமபுரி

தம்பி, உன் பதிவை இரண்டு முறை படித்தேன். தொலைந்தால் வசூல் இல்லை, கையெழுத்து இல்லை, எழுத்து வேலை இல்லை, ஜூனில் விசாரணை இல்லை. இந்த நாலும் உறுதி என்றால் என் எதிர்ப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தப் பெண் பிள்ளைகள் விஷயம் அப்படியே இருக்கிறது.

பென்னாகரம் டீச்சர்

சார், அதற்குத்தான் எனக்கு இந்தப் புத்தகம் இன்னும் அவசியமாகத் தோன்றுகிறது. விடுமுறையில் காரணமே இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போய் நின்றால் "என்ன விஷயம் டீச்சர்" என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். "புத்தகம் மாற்றிக் கொடுக்க வந்தேன்" என்று மே மாதம் நடுவில் போகலாம். பிள்ளை வீட்டில் இருக்கிறதா, பேச்சு ஏதாவது நடக்கிறதா என்று தெரிந்துவிடும். தப்பாக ஏதாவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பெண்கள் இருக்கிற வீடுகளுக்கு நானும் இன்னொரு டீச்சரும் சேர்ந்து போவதாக முடிவு செய்துவிட்டோம். பெங்களூர் போகிற பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்னாலேயே கூடுதலாக இரண்டு புத்தகம் கொடுத்துவிடுகிறோம், திரும்பி வந்தால் போதும், புத்தகம் வராவிட்டாலும் பரவாயில்லை.

மற்றதெல்லாம் உங்கள் யோசனைப்படிதான். வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுவில் தீர்மானம் வைக்கிறோம், தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். தேர்வு முடிகிற அன்று மதியம் புத்தகங்களைப் பாய் விரித்துப் பரப்பிவிடுவோம், படி எண்ணைப் பார்த்துப் பிரிக்காமல் பிள்ளை எதை எடுக்கிறதோ எடுத்துக்கொள்ளட்டும். எட்டாவது பையன் "நுழை" புத்தகத்தை எடுத்தால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். எழுதுவது எதுவும் இல்லை, வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டினால் ஜூனில் அவர் பெயரைச் சொல்லட்டும்.

தளி ஆசிரியை

ஆசிரியர்கள் பக்கம் என்ன ஆயிற்று டீச்சர்? அதை விட்டுவிடாதீர்கள்.

பென்னாகரம் டீச்சர்

விடவில்லை. இன்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். எனக்குப் பேய்க் கதை வேண்டும் என்று ஒரு கூட்டம், வேண்டாம் டீச்சர் பயப்படுவார்கள் என்று இன்னொரு கூட்டம். கடைசியில் பாம்புகள் பற்றிய ஒரு படப் புத்தகம் கொடுத்தார்கள், எங்கள் பள்ளிச் சுவரோரம் அடிக்கடி வருகிறது, எது விஷம் எது விஷமில்லை என்று டீச்சருக்குத் தெரிய வேண்டுமாம். அறிவியல் சாருக்கு ஒரு பாட்டுப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறார்கள், அவர் ஜூனில் பாட வேண்டும். "விடுமுறையிலுமா" என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர், இப்போது எந்தப் பாட்டு என்று பிள்ளைகளிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

காவேரிப்பட்டணம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

நல்லதும்மா. வழங்கல் நோட்டில் ஆசிரியர்கள் பெயரையும் பிள்ளைகள் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள், தனிப் பக்கம் வேண்டாம். வெள்ளிக்கிழமைத் தீர்மானத்துக்கு மாதிரி வாசகம் வேண்டுமானால் இன்று ராத்திரியே தட்டச்சு செய்து போடுகிறேன், மற்ற பள்ளிக்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு வாத்தியார், தருமபுரி

போடுங்கள் ஐயா, எங்கள் பள்ளிக்கும் வேண்டும்.